ஐன்ஸ்டைனின் செலோஃபேன் தாளும் டிபேக்கியின் தையல் மிஷினும்

ஐன்ஸ்டைன் செத்ததும் அவர் மூளையை எடுத்து ஜாடியில் போட்டு வைத்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தும். ஆனா மனுஷன் எதனால் செத்தார்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. மீதிப் பாதி, "அதான் வயசாயிடுச்சே"ன்னு சொல்லும்.

அந்த "அதான் வயசாயிடுச்சே" இருக்கு பாருங்க, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபிஸ்ல ஆணி ஜாஸ்தியா இருக்கிறவங்க புக்மார்க் பண்ணிட்டு ராத்திரி படிங்க. மத்தவங்க ஒரு காபியோட உட்காருங்க.

முதல்ல கொஞ்சம் பிளம்பிங்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து ஒரு பெரிய குழாய் கிளம்புது. மகாதமனி. மேல போய், வளைஞ்சு, முதுகெலும்பை ஒட்டிக் கீழ இறங்கி, தொப்புள் மட்டத்துல ரெண்டாப் பிரிஞ்சு காலுக்குப் போகுது. உடம்பில் ஓடும் அத்தனை நல்ல ரத்தமும் இந்த ஒரு குழாய் வழியாத்தான் போயாகணும். பேக்கப் சர்வர் எல்லாம் கிடையாது.

இந்தக் குழாயோட வாசல்ல ஒரு கதவு. மூணு இதழ் வைத்த அயோர்ட்டிக் வால்வு. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடணும். வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல. நாம எழுதுற எந்தக் கோடும் இவ்வளவு தடவை ஓடிட்டு கிராஷ் ஆகாம இருக்காது.

வயசாகும்போது ரெண்டு இடத்துல பிரச்சினை வரும். வால்வோட இதழ்கள் மேல சுண்ணாம்பு படியும். நல்லா இருக்கும்போது 3, 4 சதுர செ.மீ. திறக்கிற கதவு, 1 சதுர செ.மீ.க்கும் கீழ சுருங்கிடும். நடந்தா மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், திடீர்னு மயக்கம் வரும். இந்த அறிகுறிகள் தலைகாட்டின பிறகு, ஒண்ணும் செய்யாம விட்டா பெரும்பாலானவங்களுக்கு மிச்சமிருப்பது சில வருஷங்கள்தான்னு ராஸ், பிரான்வால்ட் என்ற ரெண்டு பேர் 1968லேயே எழுதி வைத்தார்கள்.

இன்னொண்ணு குழாயோட சுவர். அது தளர்ந்து பலூன் மாதிரி உப்பும். பேர் அன்யூரிசம். வயித்துப் பகுதியில் மகாதமனி சாதாரணமா 2 செ.மீ. அகலம். 3 செ.மீ. தாண்டினா வீக்கம்னு அர்த்தம். இதுல ஒரு கொடுமை என்னன்னா, குழாய் அகலமாக ஆக சுவர் மேல இழுவிசை கூடும். இழுவிசை கூடினா இன்னும் அகலமாகும். பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். வலிக்கவும் வலிக்காது. பெரும்பாலும் வெடிக்கும்போதுதான் தெரியும். அப்போ நேரம் இருக்காது. பிரெஞ்சு அதிபரா இருந்த சார்ல்ஸ் டி கால், 1970 நவம்பர் 9 அன்று சாயங்காலம் வீட்டில் சீட்டு அடுக்கி விளையாடிக்கிட்டு இருக்கும்போதே சரிந்தார். வயிற்று மகாதமனி வெடிப்பு. 80 ஆக இன்னும் ரெண்டு வாரம் கூட இல்லை.

பிரின்ஸ்டன் தாத்தா

இப்போ ஐன்ஸ்டைன். அவருக்கு வயித்துவலி ரொம்ப வருஷமா உண்டு. 1948 கடைசியில் நியூயார்க் புரூக்ளினில் வயித்தைத் திறந்து பார்த்தாங்க. திறந்தவர் ருடால்ஃப் நிசன். ஹிட்லர் வந்ததும் 1933ல் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்த யூத சர்ஜன். (நெஞ்செரிச்சலுக்குச் செய்யுற 'நிசன் ஆபரேஷன்' பின்னாடி இவர் பேர்லதான் வந்தது.)

உள்ளே இருந்தது சின்ன பம்பளிமாஸ் அளவுக்கு உப்பின மகாதமனி. அதை வெட்டி எடுத்துட்டு வேற குழாய் வைக்கிற வித்தையை அன்னிக்கு உலகத்தில் யாரும் செஞ்சதில்லை. நிசன் என்ன செஞ்சார்? வீக்கத்தைச் சுத்தி செலோஃபேன் தாளைச் சுற்றினார். ஆமா, மிட்டாய் சுத்தி வருமே அதே ஜாதி. செலோஃபேன் திசுவை உறுத்தும். உறுத்தின இடத்துல தழும்பு மாதிரி தடிச்ச திசு வளரும். அது சுவருக்கு முட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான் ஐடியா. பிரச்சினையைச் சரி பண்ணல, பேட்ச் போட்டு ஷிப் பண்ணிட்டாங்க. ஆனா அந்தப் பேட்ச் ஆறு வருஷத்துக்கு மேல தாங்கிச்சு.

1955 ஏப்ரலில் தாங்கல. கசிய ஆரம்பிச்சது. முதல்ல பித்தப்பைக் கோளாறோன்னு கூட யோசிச்சாங்க. (மகாதமனிக் கசிவு பித்தப்பை வலி மாதிரி வேஷம் போடுவதற்கு இன்னிக்கும் டாக்டர்கள் 'ஐன்ஸ்டைன் அறிகுறி'ன்னு பேர் சொல்றாங்க.) நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க் கிளென் என்ற பெரிய சர்ஜன் வந்தார். இந்த ஆறு வருஷத்தில் உலகம் மாறியிருந்தது. வீங்கின குழாயை வெட்டி மாத்துற ஆபரேஷன் வந்துடுச்சு. ஆபத்துதான், ஆனா ஒரு வாய்ப்பு உண்டு, செய்யலாம் என்றார்.

ஐன்ஸ்டைன் மறுத்துட்டார். செயற்கையா ஆயுளை நீட்டுவது ரசனை கெட்ட காரியம், என் பங்கைச் செஞ்சாச்சு, போற நேரம் வந்தாச்சு, அழகா போறேன் என்ற பொருளில் சொன்னதா அவர் கூட இருந்தவங்க பதிவு செஞ்சிருக்காங்க. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூக்குக் கண்ணாடியையும் கணக்குப் போட்ட தாள்களையும் கேட்டு வாங்கி வேலை பார்த்தார். ஏப்ரல் 18 விடிகாலை போய்ச் சேர்ந்தார். வயசு 76.

இதைப் படிச்சா நமக்குள்ள ஒரு மரியாதை வரும். "போறதுன்னா இப்படிப் போகணும்யா"ன்னு தோணும். அந்த உணர்ச்சியை அப்படியே பத்திரமா வைங்க. கடைசியில் அதைக் கொஞ்சம் கலைக்கப் போறேன். :-)

கைக்குட்டை, பாராசூட், தையல் மிஷின்

அந்த ஆறு வருஷத்தில் என்ன நடந்தது? 1951 மார்ச் மாசம் பாரிஸில் சார்ல்ஸ் டூபோஸ்ட் என்பவர் வயிற்று மகாதமனி வீக்கத்தை வெட்டி எடுத்துட்டு, இறந்தவர் ஒருத்தரின் உடம்பிலிருந்து எடுத்து வைத்திருந்த மகாதமனித் துண்டை வைத்துத் தைத்தார். நோயாளி பிழைத்தார். ஆனா பிணத்திலிருந்து எத்தனை குழாய்தான் எடுக்க முடியும்? அதுவும் நாள்பட நைந்துபோச்சு.

நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் டாக்டர், நாய் இதயத்துக்குள்ள தையல் போட்ட பட்டு நூல் ஒண்ணு சில மாசம் கழிச்சு வழவழன்னு ஒரு படலம் மூடி இருப்பதைக் கவனிச்சார். உடனே மண்டைக்குள்ள பல்பு: நூலையே உடம்பு மூடிக்கிடுதுன்னா, துணியில் ஒரு குழாய் தைச்சு வைத்தா அதையும் மூடிக்குமே! பட்டுக் கைக்குட்டையில் ஒரு குழாய் தைச்சு நாய்க்கு வைத்துப் பார்த்தார். அப்புறம் பாராசூட்டுக்குப் பயன்படும் வின்யான் துணி. 1952ல் கட்டுரை வந்தது. ரத்தக்குழாய் வைத்தியம் ஜவுளிக்கடைக்குள்ள நுழைஞ்சது அப்போதான்.

அந்தக் கடைக்குள்ள நிஜமாவே போனவர் மைக்கேல் டிபேக்கி. 1908ல் லூசியானாவில், லெபனானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அவங்கம்மா தையல்ல கெட்டி. பையனுக்கும் சின்ன வயசிலேயே தைக்கச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஹூஸ்டனில் சர்ஜனா இருந்த டிபேக்கி, 1950களின் தொடக்கத்தில் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோருக்குப் போய் நைலான் துணி கேட்டார். நைலான் ஸ்டாக் இல்லை, டேக்ரான்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, வேணுமான்னாங்க. தொட்டுப் பார்த்தார், பிடிச்சிருந்தது, ஒரு கஜம் வாங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியோட தையல் மிஷினில் உட்கார்ந்து குழாய் தைச்சார்.

டேக்ரான்னா வேற ஒண்ணும் இல்லைங்க, பாலியெஸ்டர். நம்ம அப்பாக்கள் போட்ட டெரிகாட்டன் பேண்ட்ல பாதி அதுதான். யோசிச்சுப் பாருங்க, கடையில் நைலான் தீர்ந்துபோனதால் வந்த துணி. ஆனா நைலான் உடம்புக்குள்ள நாளாக நாளாக பலம் இழக்கும், டேக்ரான் தாக்குப்பிடிக்கும். அப்புறம் பிலடெல்ஃபியா ஜவுளிக் கல்லூரியின் தாமஸ் எட்மன் என்ற ஆளைப் பிடிச்சு, தையல் இல்லாமல் குழாயாகவே பின்னித் தள்ளுற மிஷினும் வந்தது. இன்னிக்கும் உலகம் பூரா நெஞ்சுக்குள்ள போற குழாய்களில் பெரும்பங்கு இந்த வம்சம்தான்.

மரப்பட்டை உரித்த இன்ஜினியர்

இனி வால்வுப் பக்கம். எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச ஆள் ஒரு டாக்டர் இல்லை, நம்ம சாதிசனம். லோவல் எட்வர்ட்ஸ், ஹைட்ராலிக் இன்ஜினியர். மரக்கட்டையில் பட்டையை நீர் அழுத்தத்தால் உரிக்கிற சமாச்சாரம், ரெண்டாம் உலகப் போர் விமானங்களுக்கு எரிபொருள் பம்புன்னு செஞ்சு காசு பார்த்து ரிட்டயர் ஆனவர். பேர்ல 63 பேடண்ட். 1958ல், அறுபது வயசில், ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற 32 வயசு சர்ஜனைப் போய்ப் பார்த்தார். "செயற்கை இதயம் செய்யலாம் வாங்க"ன்னார்.

ஸ்டார் ஸ்கோப்பைக் குறைச்சார். முழு இதயம் அப்புறம், முதல்ல ஒரே ஒரு வால்வு செய்வோம். உலகத்தில் இவ்வளவு அருமையான வெர்ஷன் 1.0 முடிவை நான் பார்த்ததில்லை.

ரெண்டே வருஷம். ஒரு சின்ன உலோகக் கூண்டு, அதுக்குள்ள ஒரு சிலிக்கான் ரப்பர் பந்து. அழுத்தம் வந்தா பந்து விலகும், ரத்தம் போகும். திரும்பி வரப் பார்த்தா பந்து வாசலை அடைக்கும். பார்க்கிறதுக்கு வால்வு மாதிரியே இருக்காது. இயற்கையைக் காப்பி அடிக்கணும்னு அவங்க அடம்பிடிக்கல, வேலை நடந்தாப் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. 1960 செப்டம்பரில் 52 வயசுக்காரர் ஒருத்தருக்கு மிட்ரல் வால்வு இடத்தில் வைத்தார்கள். அவர் அதோட 15 வருஷம் வாழ்ந்து, ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு கடைசிவரை நல்லாத்தான் இருந்தது!

ஆனா உலோக வால்வுல ரத்தம் உறையும். அதைத் தடுக்க ஆயுசு முழுக்க வார்ஃபரின் சாப்பிடணும். எலி பாஷாணமா 1948ல் சந்தைக்கு வந்த மருந்து அது. வயசானவங்க கீழ விழுந்து தலையில் அடிபட்டா, வார்ஃபரின் எடுக்கிற உடம்புல ரத்தம் நிக்காது. இந்தச் சிக்கலுக்கு பாரிஸில் அலன் கார்பான்டியே ஒரு வழி கண்டார். பன்றி இதயத்தின் வால்வை எடுத்து குளுடரால்டிஹைடு ரசாயனத்தில் பதப்படுத்தி வைக்கலாம். கிட்டத்தட்ட தோல் பதனிடுற மாதிரி. வார்ஃபரின் தொல்லை குறையும். ஆனா பத்து, பதினைஞ்சு வருஷத்துல தேஞ்சுபோகும். ஆக இளைஞர்களுக்கு உலோகம், வயசானவங்களுக்குத் திசு என்று ஒரு கணக்கு உருவாச்சு. கவனிங்க, வயசு இங்கே முதல் தடவையா "வேணாம்" என்று சொல்லாம "எது" என்று கேட்க உதவுது.

நம்ம ஊர்ப் பக்கம் கதை வேற. இங்கே வால்வு கெடுவது பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சலால், சின்ன வயசிலேயே. இறக்குமதி வால்வு வாங்க ஏழைகளால் முடியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் குழு சொந்தமா வால்வு செய்ய இறங்கி, மூணு மாடல் ஊத்தி, நாலாவதில் ஜெயிச்சது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அப்புறம் அதைத் தயாரிச்சு வித்தது நம்ம சென்னை டி.டி.கே. குழுமம். பிரஷர் குக்கர் புகழ் அதே குழுமம்தான். அழுத்தத்தைக் கையாளுற குடும்பம் போல :-)

நெஞ்சைத் திறக்காமல்

எல்லாம் சரி, இந்த வால்வு எதை வைக்கணும்னாலும் நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, மெஷினில் ஓட்டணும். 85 வயசுப் பாட்டிக்கு அதைச் செய்யலாமா? "அதான் வயசாயிடுச்சே" இங்கேதான் முழு வீச்சில் வேலை செஞ்சது. 2005ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வின்படி, 75 வயசு தாண்டி, வால்வு கடுமையா சுருங்கி, அறிகுறியும் இருந்தவங்களில் மூணில் ஒரு பங்கு பேருக்கு ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு செய்யப்பட்டிருந்தது.

பிரான்சின் ருவான் நகரத்து அலன் கிரிபியே இதை ரொம்ப நாளாப் பார்த்துக்கிட்டு இருந்தவர். 1985ல், ஆபரேஷன் மறுக்கப்பட்ட 72 வயசுப் பெண்மணிக்கு, தொடை ரத்தக்குழாய் வழியா பலூன் விட்டு வால்வை அகட்டினார். மூச்சு சீரானது. ஆனா பலூனால் திறந்த வால்வு பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்தில் மறுபடி சுருங்கிடுச்சு. அப்போ திறந்த கதவு மூடாம இருக்க ஒரு கம்பி வலைச் சட்டம் வைத்து, அதுக்குள்ளேயே புது வால்வையும் தைத்துவிட்டால்?

இதே யோசனை டென்மார்க்கில் ஹென்னிங் ரூட் ஆண்டர்சனுக்கு 1989ல் வந்துடுச்சு. கறிக்கடையில் பன்றி இதயம் வாங்கி, கம்பியைக் கையாலேயே வளைச்சு, தானே வால்வு செஞ்சு, 1989 மே மாசம் உயிருள்ள பன்றிக்கு வைத்தும் காட்டினார். கட்டுரையைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. கிரிபியே போய்க் கேட்ட கம்பெனிகளும் நடக்காத காரியம்னு துரத்தின. சொந்தமா ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சார். 2002 ஏப்ரல் 16, ருவான். 57 வயசு ஆள், இதயம் சரிஞ்சு, எந்த சர்ஜனும் தொட மறுத்த நிலை. நெஞ்சைத் திறக்காமல், இதயத்தை நிறுத்தாமல், ஓடுற சிஸ்டத்தில் அயோர்ட்டிக் வால்வை மாத்தின முதல் சம்பவம். நம்ம பாஷையில் ஹாட் ஸ்வாப்! அந்த நோயாளி சில மாசத்தில் வேற சிக்கல்களால் இறந்தார். ஆனா வால்வு வேலை செஞ்சது. 2004ல் அந்த ஸ்டார்ட்அப்பை வாங்கினது யார் தெரியுமா? எட்வர்ட்ஸ் கம்பெனி. மரப்பட்டை உரிச்சவர் ஆரம்பிச்ச அதே கம்பெனி.

2010ல் பார்ட்னர் என்ற சோதனையின் முடிவு வந்தது. ஆபரேஷனே முடியாதுன்னு ஒதுக்கப்பட்டவங்க, சராசரி வயசு 83. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவங்களில் ஒரு வருஷத்தில் 50.7 சதவீதம் பேர் இறந்தாங்க. கத்தீட்டர் வழியா வால்வு வைத்தவங்களில் 30.7 சதவீதம். நூறு பேரில் இருபது பேர்! பக்கவாத ஆபத்து கொஞ்சம் கூடுச்சு, அதையும் சொல்லணும். அப்புறம் 2019ல் ஆபரேஷன் தாங்கக்கூடியவங்களுக்கும் இது சளைச்சதில்லைன்னு ஆச்சு. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர் 75 வயசில் இப்படி வால்வு மாத்திக்கிட்டு, ரெண்டு மூணு மாசத்தில் மேடையில் குதிச்சார்.

இந்த இடத்துல சின்னதா ஒரு கொசுவத்தி. எங்க அப்பாயிக்கு 81 வயசில் இதே வால்வு பிரச்சினை. எக்கோ ரிப்போர்ட்டை வைத்துக்கிட்டு ஹால்ல அப்பா, பெரியப்பா, ரெண்டு அத்தைகள் எல்லாரும் மாநாடு. பெரியப்பா, "இந்த வயசுல அவங்களை எதுக்குப் போட்டு வதைக்கணும்"ங்கிறார். அத்தை, "காசு செலவாகும்னு சொல்றியாண்ணே"ங்கிறாங்க. பல லட்ச ரூபாய் மேட்டர், சண்டை வராம இருக்குமா? ஒரு மணி நேரம் போச்சு. அப்பாயி உள்ரூம்ல இருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டே மெல்ல வந்து நின்னாங்க. "நூறு வயசு வேணும்னு நான் யார்கிட்டடா கேட்டேன்? ராவுல மல்லாக்கப் படுத்துத் தூங்கணும். அதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

அவ்வளவு நேரம் அங்கே யாரும் பேசாத விஷயம் அது. நாங்க ஆயுளை அளந்துக்கிட்டு இருந்தோம், அவங்களுக்கு வேண்டியது தூக்கம். வால்வு வைத்தாச்சு. கூடவே பேஸ்மேக்கரும் வைக்க வேண்டி வந்தது, இந்த முறையில் சிலருக்கு அது நேரும். இப்போ ஒரே தலகாணி வைத்துத் தூங்குறாங்க.

ஆனா எல்லாத்துக்கும் ஆமா சொல்லிடலாமா?

இல்லீங்க. குழாய் வீக்கத்துக்கும் இதே மாதிரி தொடை வழியா துணிக்குழாயை அனுப்பி உள்ளே விரிக்கிற முறை வந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் நிக்கோலாய் வொலோதோஸ் 1987லேயே நெஞ்சு மகாதமனியில் செஞ்சார். ரஷ்ய மொழியில் எழுதினதால் மேற்குலகம் கண்டுக்கல. 1990 செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வயிற்று மகாதமனியில் செஞ்சதுதான் ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சது. திறந்த ஆபரேஷனோட ஒப்பிட்டு பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. முதல் 30 நாளில் இறப்பு 4.7 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைஞ்சது. ஆஹா ஓஹோ.

அதுக்கு ஒரு தங்கச்சி சோதனையும் உண்டு, 2005ல் வெளியானது. திறந்த ஆபரேஷன் தாங்கவே தாங்காத அளவுக்கு உடம்பு மோசமானவங்களுக்கு இந்தத் துணிக்குழாயை வைத்தா கூடுதல் நாள் வாழ்வாங்களான்னு கேட்டாங்க. மொத்த இறப்புக் கணக்கில் வித்தியாசம் இல்லை. குழாய் வெடிச்சுச் சாகலைன்னாலும் இதயமோ நுரையீரலோ ஆளைக் கொண்டுபோயிடுச்சு. பார்ட்னர் சோதனைக்கு நேர் எதிர்.

ஆக "முடிஞ்சா செஞ்சிடு" என்பதும் "வயசாயிடுச்சு விடு" என்பதும் ரெண்டுமே யோசிக்காம இருக்கிறதுக்கான குறுக்கு வழிகள். அகலம் 5.5 செ.மீ.க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் ஆபரேஷன் செய்யாம கவனிச்சுக்கிட்டே வரலாம்னு சோதனைகள் காட்டின. பிரிட்டனில் 65 வயசு ஆண்களை இலவசமா ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற திட்டமே இருக்கு. பத்து நிமிஷ அல்ட்ராசவுண்ட். சிகரெட் பிடிச்ச தாத்தா வீட்டில் இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க.

தையல்காரருக்கே தையல்

இப்போ க்ளைமேக்ஸ். 2005 டிசம்பர் 31. ஹூஸ்டன். 97 வயசு மைக்கேல் டிபேக்கி வீட்டில் தனியா உட்கார்ந்து ஒரு லெக்சருக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கார். திடீர்னு நெஞ்சிலும் முதுகிலும் கழுத்துக்கு ஏறும் பயங்கர வலி. அவருக்கு என்னன்னு புரிஞ்சுபோச்சு. மகாதமனியின் உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து போகுது. புரியாம எப்படி? இந்த நோயை வகை பிரிச்ச பட்டியலே அவர் பேர்ல இருக்கு. அவருக்கு வந்தது அவர் பட்டியலில் ரெண்டாம் வகை.

ஆம்புலன்சைக் கூப்பிடல. ஸ்கேன் எடுத்து உறுதியான பிறகும் ஆபரேஷன் வேண்டாம் என்றார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வயசானவங்க படுற பாட்டை அவரை விட யார் அதிகம் பார்த்திருப்பாங்க? செத்தாலும் பரவாயில்லை, மூளையோ உடம்போ முடங்கிக் கிடக்க மாட்டேன்னு நினைச்சார். ஜனவரி முழுக்க குழாய் வீங்கிக்கிட்டே போச்சு. பிப்ரவரி 9 அன்று நினைவு தப்பிடுச்சு.

இனி யார் முடிவு எடுக்கிறது? ஆபரேஷன் வேண்டாம் என்ற அவர் விருப்பம் குறிப்பில் இருக்கு. நாற்பது வருஷம் கூட வேலை பார்த்த ஜார்ஜ் நூன் செய்யலாம் என்கிறார். மனைவி கேட்ரின் செய்தே ஆகணும் என்கிறார். ஆஸ்பத்திரி மயக்க மருந்து டாக்டர்கள், 97 வயசு ஆள் மேஜையிலேயே போயிடுவார், நாங்க வர மாட்டோம் என்கிறாங்க. ராத்திரியில் நெறிமுறைக் குழு கூடுது. கேட்ரின் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நுழைஞ்சு சத்தம் போடறார். ஒருவழியா குழு சம்மதிச்சு, வேற ஒரு மயக்க மருந்து டாக்டர் வந்து, ஏழு மணி நேர ஆபரேஷன். கிழிஞ்ச பகுதியை வெட்டிட்டு வைத்தது ஒரு டேக்ரான் குழாய். அவர் வீட்டுத் தையல் மிஷினில் பிறந்த அதே வம்சம்.

பிழைச்சார். சும்மா இல்லை. மாசக்கணக்கில் மூச்சுக்கு மிஷின், கழுத்தில் துளை, டயாலிசிஸ், குழாய் வழிச் சாப்பாடு. செலவு 10 லட்சம் டாலருக்கு மேல. 2006 செப்டம்பரில்தான் ஒருவழியா வீடு. அந்த ஆபரேஷனில் பிழைச்சவங்களில் அவர்தான் மிக வயசானவர்னு அவர் டாக்டர்கள் நம்பினாங்க. அப்புறம் மனுஷன் மறுபடி வேலைக்கே போனார். 2008 ஏப்ரலில் அமெரிக்க காங்கிரஸின் தங்கப் பதக்கத்தை நேரில் வாங்கினார். ஜூலை 11 அன்று, நூறு ஆக ரெண்டு மாசம் இருக்கும்போது இறந்தார்.

முக்கியமான விஷயம்: தன் பேச்சை மீறி செஞ்ச ஆபரேஷனைப் பத்தி அவர்கிட்டயே கேட்டாங்க. செஞ்சது நல்லதுதான், சந்தோஷம் என்றுதான் சொன்னார்.

இதுதான் என்னைத் தூங்க விடல. ஐன்ஸ்டைன் வேண்டாம்னார், கேட்டாங்க, நாம கை தட்டுறோம். டிபேக்கியும் வேண்டாம்னார், கேக்கல, அதுக்கும் கை தட்டுறோம். அவர் பிழைக்காம, ஆறு மாசம் குழாய்களோட கிடந்து செத்திருந்தா? அதே கேட்ரினை, அதே நூனை நாம என்ன சொல்லியிருப்போம்? ரிசல்ட் தெரிஞ்ச பிறகு சரி, தப்பு சொல்றது சுலபம். கமிட்டி கூடின அந்த ராத்திரி யாருக்கும் ரிசல்ட் தெரியாது.

என் வரைக்கும் நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். வயசு ஒரு தகவல். தீர்ப்பு இல்லை. பிரஷர், கிட்னி, நடக்குற வேகம் மாதிரி அதுவும் ஒரு இன்புட். அதை விட முக்கியமான இன்புட் அந்த ஆள் என்ன கேக்குறார் என்பது. மூச்சா, தூக்கமா, பேத்தி கல்யாணமா, இல்லை நிம்மதியா போறதா? நினைவு இருக்கும்போதே, எக்கோ ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வைக்கணும். ஒரு தடவை கேட்டா பத்தாது, வருஷா வருஷம் கேக்கணும். டிபேக்கியே மனசு மாறினார்னா நம்ம வீட்டுப் பெரியவங்க மாற மாட்டாங்களா என்ன?

உங்க வீட்டுல இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்ததா? யார் எடுத்தாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க. டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா கண்டிப்பா வந்து ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க.

டிஸ்கி: நான் ஜாவா அடிக்கிறவன், டாக்டர் இல்லை. வரலாறுக்கு என் பதிவு, வைத்தியத்துக்கு உங்க டாக்டர்.